அச்சும் அளவும்: கல்முனைக் கரையின் இடியன் துவக்கும் தோட்டா மீள்நிரப்பலும்

பெரியநீலாவணையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை நீளும் கரையோரப் பட்டியில் குடியிருப்புகள் கடலை அடுத்தும், வயல்கள் அவற்றின் மேற்கேயும் அமைந்துள்ளன. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய ஊர்களின் உழவன் உறங்குவது கடலோசையின் அருகே. அவனுடைய விளைச்சல் நிற்பதோ காட்டின் அருகே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தூரமே இப்பகுதியின் துவக்கு வரலாற்றுக்குத் தோற்றுவாய் எனலாம். மாரிப்போகத்து நெல் குடலை தள்ளிக் கதிர் ஈனும் காலத்தில் பன்றியும் யானையும் வட்டைக்குள் இறங்கும். பரணில் கண்விழித்திருந்த காவற்காரனிடம் தீப்பந்தமும் தகரமும் உரத்த குரலும் இருந்தன. சிலரிடம் இடியன் துவக்கும் இருந்தது.

இடியன் என்ற பெயரே அத்துவக்கின் இயல்பை உணர்த்தும். மருந்தையும் சன்னத்தையும் குழலின் வாய்வழியே இட்டுக் கம்பியால் இடித்து இறுக்குவதனால் அது இடியன் ஆயிற்று. துவக்கு என்ற சொல்லும் ஊன்றி நோக்கத்தக்கது. தமிழகத்தில் துப்பாக்கி என வழங்குவதும் ஈழத்தில் துவக்கு என வழங்குவதும் ஒரே துருக்கிச் சொல்லின் இரு வடிவங்கள். சிங்களத்தில் அது துவக்குவ என நின்றது. கருவியும் அதன் பெயரும் கடல்வழி வந்தவை. ஆனால் அதனை நிரப்பும் கலை வந்த இடத்திலேயே தங்கி, உள்ளூர்க் கைத்தொழிலாக வேர்கொண்டது. ஒவ்வொரு வெடியையும் சுடுபவனே தன் கையால் அமைத்துக்கொண்ட அந்நிலை எவ்வாறு மாறியது என்பதும், பிறநாடுகளில் தோட்டாவைத் தாமே மீள நிரப்புவோர் இன்று முதன்முதலாகத் தேர்ந்தெடுக்க வேண்டிய எஃகு அச்சு எவ்வாறு தோன்றியது என்பதும், அவ்வச்சு இக்கரைக்கு ஏன் வந்து சேரவில்லை என்பதும் ஒன்றோடொன்று பிணைந்த வினாக்கள். இதுவரை அவை சேர்த்து நோக்கப்பட்டது அரிது.

போர்த்துக்கேயர் இலங்கைக்கு வந்த பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெடிமருந்துப் படைக்கலம் இந்நாட்டார்க்குப் புதுமையாக இருந்தது. அந்நூற்றாண்டு முடிவதற்குள் சிங்களக் கொல்லர் துவக்குக் குழல் செய்யும் தொழிலில் தேர்ந்துவிட்டனர். அவர்தம் கைத்திறனைப் போர்த்துக்கேய எழுத்தாளரே புகழ்ந்துரைத்தனர். கண்டியரசில் வெடியுப்பு மலைக்குகைகளிலிருந்து எடுக்கப்பட்டது. 1821ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் மருத்துவர் ஜோன் டேவி அக்குகைகளை விரிவாக விளக்கியுள்ளார். 1626ஆம் ஆண்டளவில் போர்த்துக்கேயரால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டியரசன் செனரத் கிழக்குக் கரையில் இடமளித்தான். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பில் கோட்டை கட்டினர். 1638இல் ஒல்லாந்தர் அதனைக் கைப்பற்றினர். இக்காலம் முழுவதும் கரைக்கும் கண்டிக்கும் இடையே தவளம் எனப்படும் பொதிமாட்டு அணிகளை நடத்தியோருள் முஸ்லிம்கள் முதன்மை பெற்றிருந்தனர். உப்பும் கருவாடும் மேற்கே சென்றன. பாக்கும் மலைநாட்டுப் பொருள்களும் கிழக்கே வந்தன. காட்டுவழியில் பல நாள் செல்லும் வணிகனுக்குத் துவக்கு அணிகலமன்று.

இடியன் துவக்கை நிரப்பும் முறை எளிதாகத் தோன்றினும் அதில் ஒவ்வொரு படியும் ஒரு முடிவைக் கோரும். முதலில் கரிமருந்து குழலினுள் கொட்டப்படும். அதன்மேல் தும்பு அல்லது துணி அடைப்பாக இடிக்கப்படும். பின்னர்ச் சன்னமோ ஒற்றை ஈயக்குண்டோ செல்லும். அது வெளியே உருளாவண்ணம் மீண்டும் ஓர் அடைப்பு. இறுதியாக, குழலின் அடியிலுள்ள முலைபோன்ற சிறு துளையின்மேல் செப்புக் கேப் பொருத்தப்படும். மருந்து எவ்வளவு என்பதற்கு நாட்டுத் துவக்குக்காரரிடையே பலவிடத்தும் விரற்கடையே அளவு. இடிகம்பி குழலுக்கு வெளியே எத்தனை விரல் நீண்டு நிற்கிறது என்பதைக் கொண்டு உள்ளே இருப்பதை அறிந்தனர். பறவைக்கு ஓர் அளவு. பன்றிக்கு வேறோர் அளவு. யானையை வெருட்டுவதற்குச் சன்னமே வேண்டாம், மருந்தும் அடைப்பும் போதும். ஒரே துவக்கு ஒரே இரவில் மூன்று கருவிகளாக மாறவல்லது என்பதே இடியனின் சிறப்பு. அதன் ஆபத்தும் அதுவேயாம். தூக்கக் கலக்கத்தில் ஒருமுறை நிரப்பியதன்மேல் மறுமுறை நிரப்பினால் குழல் பிளப்பதற்கு வாய்ப்புண்டு. அப்போது முதலில் போவது குழலைத் தாங்கிய இடக்கையின் விரல்கள்.

ஈயக்குண்டு வார்ப்பதற்குப் பாக்குவெட்டி போன்று இரு கிளைகளையுடைய சிறு அச்சு பயன்பட்டது. ஐரோப்பாவில் கைவினையாகச் செய்யப்பட்ட துவக்குகள் பெரும்பாலும் தத்தமக்குரிய குண்டச்சுடனேயே விற்கப்பட்டன. ஏனெனில் ஒரு குழலுக்குப் பொருந்திய குண்டு இன்னொரு குழலுக்குப் பொருந்துமென்ற உறுதி இல்லை. குழலின் அகலத்தையே ஈயத்தின் நிறையால் குறித்தனர். ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக வார்த்தால் அவற்றுள் ஒன்று சரியாகப் புகும் குழல் 12ஆம் இலக்கக் குழல்; பதினாறாக வார்த்தால் 16ஆம் இலக்கம். இன்று சொட்கன் துவக்கைப் பன்னிரண்டாம் இலக்கம் என்போர் பலர் அவ்வெண் எதன் எண்ணிக்கை என்பதை எண்ணிப்பார்ப்பதில்லை. அச்சு என்பது துவக்கின் பிரிக்கவொண்ணாத துணை என்ற கருத்து இங்கேயே தொடங்கிவிடுகிறது. பிற்காலத்து மீள்நிரப்பல் அச்சைப் புரிந்துகொள்வதற்கு இது அடிப்படை.

வெள்ளையர் வேட்டையின் அளவு முற்றிலும் வேறுபட்டது. நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், இலங்கையில் தாம் ஆடிய வேட்டைகளைப் பற்றி 1854இல் வெளியிட்ட நூலால் புகழ்பெற்றவர். அவர் கையாண்ட துவக்குகளுள் ஒன்று பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் செய்தது. நிறை 21 இறாத்தல். ஒரு வெடிக்கு இட்ட மருந்து 16 திராம், அதாவது முழு ஓர் அவுன்சு. யானை அந்நாளில் பயிரின் பகையெனக் கருதப்பட்டு, அதனைக் கொல்வதற்கு அரசாங்கம் பரிசும் வழங்கியது. 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் ஏறத்தாழ 3,500 யானைகளுக்கும், 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் ஏறத்தாழ 2,000 யானைகளுக்கும் பரிசு கொடுக்கப்பட்டதாக எமர்சன் தெனன்ற் 1859இல் எழுதினார். மேஜர் ரொஜர்ஸ் என்பவர் ஒருவரே ஆயிரத்து நானூறளவு யானைகளைச் சுட்டதாகக் கூறப்படுவதும், 1845இல் அப்புத்தளையில் இடி வீழ்ந்து அவர் இறந்ததும் பலரும் அறிந்தவை. துரைமார் வேட்டைக்கு யானையின் இருப்பிடத்தைத் தேடிச் சென்றனர். கரையோர உழவனோ தன் இருப்பிடத்திற்கு யானை வருவதை எதிர்நோக்கி நின்றான். ஒருவனுக்கு மருந்து பொழுதுபோக்கின் செலவு. மற்றவனுக்கு அது நெல்லின் செலவு.

இவ்விடத்தில் முஸ்லிம் உழவனின் நிலையில் தனித்தன்மை ஒன்றுண்டு. வயலை மிகுதியாக அழிக்கும் காட்டுப்பன்றி அவனுக்கு உணவாகாது. அயலிலுள்ள தமிழரும் சிங்களவரும் வேடரும் பன்றியைச் சுட்டால் மருந்துக்கும் ஈயத்துக்கும் ஈடாக இறைச்சி கிடைக்கும். முஸ்லிமுக்கோ அந்த வெடி முழுவதும் நட்டமே. காக்கப்பட்ட நெல் ஒன்றே அதன் ஊதியம். மானையும் மரையையும் சுடும்போதுங்கூடச் சமயவிதி குறுக்கிட்டது. சூட்டின் தாக்கத்தால் இறந்துபட்ட விலங்கு ஆகுமானதன்று, உயிர் இருக்கையில் சென்று அறுத்தல் வேண்டும் என்பது ஷாபிஈ மரபில் பலர் கொண்ட கருத்து. ஆதலால் துவக்குடன் கத்தியும் செல்லவேண்டியதாயிற்று. இடியனில் எவ்வளவு மருந்து இடுவது, சன்னமா குண்டா என்ற முடிவுகள் வேட்டைத் திறனை மட்டும் சார்ந்தவையல்ல.

மாரிப்போகம் வடகீழ்ப் பருவமழையோடு வருவது. மழையில் நனைந்த கல்பொறித் துவக்கு தீப்பற்றாது. இக்குறையை நீக்கியது கேப். 1807இல் ஸ்கொத்லாந்துப் பாதிரியார் அலெக்சாந்தர் போர்சைத் தட்டினால் தீப்பற்றும் மருந்துக்கு உரிமம் பெற்றார். கல்பொறியின் ஒளி கண்டு பறவைகள் முன்கூட்டியே பறந்துவிட்டமையே அவரை இதற்குத் தூண்டியதாம்! உலகப் போர்க்கலையை மாற்றிய ஒரு கண்டுபிடிப்பு வாத்து வேட்டையில் தோன்றியது. அது செப்புக் கேப்பாக உருப்பெற்றபின், மழையிலும் பரணிலிருந்து சுட முடிந்தது. ஆயினும் உள்ளூரான் தன் கையால் செய்துகொள்ள இயலாத முதற்பொருள் இந்தக் கேப்பே என்பதை மறத்தலாகாது. ஈயத்தை உருக்கலாம், தும்பைத் திரிக்கலாம், கேப்பைக் கடையில்தான் வாங்கவேண்டும்.

வெடியைச் சுடுபவனே அமைக்கும் உரிமை அவன் கையிலிருந்து நழுவியதன் வரலாற்றில் 1857ஆம் ஆண்டு ஒரு திருப்பம். வங்காளப் படையினருக்குப் புதிதாக வந்த என்பீல்டு துவக்கின் காகிதத் தோட்டாவில் பூசப்பட்ட கொழுப்பு பசுவினதும் பன்றியினதும் என்ற செய்தி கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பரவியது. இந்துவும் முஸ்லிமும் ஒருங்கே அஞ்சினர். தோட்டாவைப் பல்லாற் கடித்துத் திறக்கவேண்டியிருந்தது அவ்வச்சத்தைப் பெருக்கிற்று. பூச்சில்லாத தோட்டாக்களைக் கொடுத்து, அவரவர் விரும்பிய மெழுகையும் நெய்யையும் அவரவரே பூசிக்கொள்ளலாமென்று அதிகாரிகள் அவ்வாண்டுத் தொடக்கத்திலேயே இசைந்தனர். காலம் கடந்த இசைவு. பிறர் நிரப்பிய தோட்டாவினுள் என்ன இருக்கிறது என்று ஐயுறுவதற்குப் படைவீரனுக்குக் காரணம் இருந்தது; பரணிலிருந்த இடியன்காரனுக்கு அவ்வையமே எழவில்லை.

1866ஆம் ஆண்டில் உலோகத் தோட்டா நிலைபெற்றது. பிரித்தானிய அதிகாரியான எட்வேட் பொக்சரும் அமெரிக்கரான ஹைரம் பேர்டனும் அவ்வோராண்டிலேயே தோட்டாவின் அடிநடுவில் கேப் பொருத்தும் இருவேறு முறைகளை அமைத்தனர். பொக்சர் முறையில் கேப்புக்குப் பின்னால் நடுவே ஒரே துளை. பேர்டன் முறையில் நடுவில் சிறு மேடும் அதன் பக்கங்களில் இரு துளைகளும். வேடிக்கை யாதெனின், பிரித்தானியர் கண்ட முறையை அமெரிக்கர் தமதாக்கினர். அமெரிக்கர் கண்ட முறை ஐரோப்பியப் படைகளிற் பரவியது. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றும். ஆனால் மீள்நிரப்பலின் தலைவிதியையே அது முடிவுசெய்தது. நடுத்துளை ஒன்றே உள்ள கோதில் மேலிருந்து ஓர் ஊசியைச் செலுத்திப் பழைய கேப்பைத் தள்ளிவிடலாம். இரு துளையுள்ள கோதில் அவ்வூசி மேட்டில் முட்டி முறியும். அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு மீள்நிரப்பல் பரவியதற்கும், பல நாடுகளின் படைத்தோட்டாக் கோதுகள் பழம்பித்தளையாகவே போய்ச்சேர்ந்ததற்கும் இது ஒரு காரணம்.

கோதை ஏன் அச்சில் இடவேண்டும் என்பதை இங்கு விளக்குதல் தகும். வெடிக்கும்போது பித்தளைக் கோது விரிந்து துவக்கின் தோட்டா அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. அவ்வாறு ஒட்டுவதனாலேயே வளி பின்னோக்கிச் சீறாமல் தடுக்கப்படுகிறது. அழுத்தம் தணிந்ததும் பித்தளை சற்றே சுருங்கும். எனினும் பழைய அளவுக்கு மீளாது. கழுத்து அகன்றிருப்பதால் புதிய ரவையை அது பற்றாது. எனவே கடினமான எஃகில் குடையப்பட்ட அச்சினுள் கோதைச் செலுத்திப் பழைய வடிவுக்கு ஒடுக்கவேண்டும். ஊசி அப்போதே பழைய கேப்பை வெளியேற்றும். புதிய கேப்பும் அளந்த மருந்தும் இட்டபின், இன்னோர் அச்சு ரவையை உரிய ஆழத்தில் அமர்த்தும். இடியன்காரன் விரலாலும் இடிகம்பியாலும் செய்ததை இங்கே எஃகு செய்கிறது.

1884இல் ஜோன் பார்லோ என்பவர் கனெற்றிகட் மாநிலத்து நியூஹேவனில் ஐடியல் கம்பனியைத் தொடங்கிக் குறடு வடிவான நிரப்புகருவிகளைச் செய்தார். குண்டு வார்க்கும் அச்சும் கோதைச் சீராக்கும் அச்சும் ஒரே குறட்டில் அமைந்தவையும் அவற்றுள் இருந்தன. எல்லைப்புறத்துக் குடியானவனுக்குக் கடை பல நாள் தொலைவில் இருந்தது, கோது விலையுயர்ந்தது, அதனைத் தூக்கியெறிய அவனால் இயலாது. 1925இல் ஐடியல் நிறுவனத்தை லைமன் கம்பனி வாங்கியது. 1943இல் கலிபோர்ணியாவின் ஓரோவில் என்ற ஊரில் பிரெட் ஹண்டிங்டன் சிறுவிலங்கு வேட்டைக்கான ரவையுறைகளைச் சுட்ட கோதுகளிலிருந்தே அழுத்திச் செய்யும் அச்சுகளைத் தயாரித்தார். அவ்வச்சின் பெயரின் முதலெழுத்துகளே பின்னர் ஆர்.சி.பி.எஸ். என்ற நிறுவனப் பெயராயின. 1958இல் விஸ்கொன்சினில் றிச்சட் லீ, அழுத்துபொறியே வேண்டாது சிறு சுத்தியலால் தட்டி நிரப்பும் மலிவான கருவித்தொகுதியை அமைத்தார். வெவ்வேறு கம்பனிகளின் அச்சுகளும் பொறிகளும் ஒன்றோடொன்று பொருந்துவதற்கு, எட்டில் ஏழு அங்குல விட்டமும் அங்குலத்துக்குப் பதினான்கு புரிகளும் கொண்ட திருகு பொதுவளவாயிற்று. துவக்குக்கொன்றாக அச்சு இருந்த பழைய காலத்திற்கு இது நேர்மாறானது.

இத்துறையிற் புதிதாய்ப் புகுவோன் அச்சைத் தெரியும் முறையிலும் அவ்வரலாறு முழுவதும் படிந்துள்ளது. தோட்டாவின் பெயரைச் சொல்லி அச்சு வாங்குவதோடு வேலை முடிந்ததென அவன் எண்ணுவதே பொதுவான பிழை. முதலில் கோதின் வடிவைப் பார்க்கவேண்டும். றைபிள் தோட்டாக்களிற் பெரும்பாலன போத்தல்போல் தோளும் கழுத்தும் உடையன; அவற்றுக்கு இரண்டு அச்சுகள் கொண்ட தொகுதி போதும். கைத்துவக்குத் தோட்டாக்கள் பல நேரான சுவருடையன. அவற்றின் வாயைச் சற்று மலர்த்தினாலன்றி ரவை அமராது, ஆதலால் மூன்றாம் அச்சொன்று தேவை. நேர்ச்சுவர்க் கோதுகளுக்குத் தங்குதன் காபைட் வளையம் பதித்த அச்சு கிடைக்குமாயின், விலை கூடினும் அதனைத் தெரிதலே நன்று. எண்ணெய் பூசும் வேலை அதில் இல்லை. சாதாரண எஃகு அச்சினுள் பூச்சின்றிச் செலுத்திய கோது இறுகிச் சிக்கிக்கொள்ளும். அதனை எடுக்க முயன்று அச்சையும் ஊசியையும் கெடுத்துக்கொள்வது தொடக்கக்காரர் பலர் முதல் வாரத்திலேயே செலுத்தும் வரி.

அடுத்த வினா, கோதை முழுநீளமும் ஒடுக்கும் அச்சா, கழுத்தை மட்டும் ஒடுக்கும் அச்சா என்பது. இதற்கு .303 பிரித்தானியத் தோட்டாவைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. 1888 முதல் பிரித்தானியப் படையின் தோட்டாவாக இருந்து, பேரரசெங்கும் பரவி, இலங்கைக் காவற்படையினர் கைகளிலும் நெடுங்காலம் வழங்கிய தோட்டா இது. இதன் அடியில் விளிம்பு உண்டு. அவ்விளிம்பே தோட்டாவை அறையில் நிறுத்துகிறது. சேற்றிலும் மணலிலும் தங்காது இயங்கவேண்டுமென்று லீ-என்பீல்டு துவக்கின் அறை தோட்பகுதியில் தாராளமாகக் குடையப்பட்டது. ஆதலால் ஒருமுறை சுட்டதும் கோதின் தோள் முன்னோக்கி நகர்ந்துவிடும். முழுநீள அச்சு அதனைப் பின்தள்ளும். அடுத்த வெடி மீண்டும் முன்தள்ளும். இவ்வாறு சில முறை இழுபட்ட பித்தளை அடிப்பாகத்தின் சற்று மேலே மெலிந்து, ஒளிரும் வளையமொன்று தோன்றி, இறுதியில் இரண்டாக அறும். கழுத்தை மட்டும் ஒடுக்கினால் அக்கோது தன்னைச் சுட்ட அறையின் வடிவிலேயே நின்று பலமுறை உழைக்கும். ஆனால் அதே கோது இன்னொரு துவக்கினுள் நுழையாதிருக்கக்கூடும். தானே மறுதோட்டாவை ஏற்றிக்கொள்ளும் வகைத் துவக்குக்கோ முழுநீள ஒடுக்கமே பாதுகாப்பானது. கைத்தொழிற்காலக் குண்டச்சின் விதி இங்கே மீண்டும் தலைகாட்டுகிறது: பெயர் பொதுவாயினும் பொருத்தம் துவக்குக்குத் துவக்கு வேறு.

அச்சு எவ்வளவு நுட்பமானதாயினும் மருந்தின் அளவைத் திருத்தாது. 1884இல் பிரான்சில் போல் வியெய் புகையில்லா மருந்தை ஆக்கினார். 1889இல் பிரித்தானியர் கோடைற்றை உருவாக்கினர். கரிமருந்தைவிடப் பன்மடங்கு வலிய இப்பொருள் விரற்கடைக் கணக்கை ஒரே நாளில் பொய்யாக்கியது. சொட்கன் தோட்டாப் பெட்டிகளில் இத்தனை திராம் எனப் பொறிக்கும் வழக்கம் நீண்டகாலம் நின்றது. அது உள்ளேயிருக்கும் மருந்தின் நிறையன்று; அதே விசைக்குக் கரிமருந்தாயின் எவ்வளவு வேண்டியிருக்கும் என்பதன் குறிப்பு மட்டுமே. அதனை உண்மை நிறையெனக் கொண்டு புகையில்லா மருந்தை அளந்தவன் துவக்கையும் கையையும் இழப்பான். புகையில்லா மருந்தை இடியனில் இடுவதும் அத்தகையதே. கரிமருந்துக்கென அமைந்த இரும்புக் குழல் அவ்வழுத்தத்தைத் தாங்காது. ஆகவே அச்சு வாங்கும் காசில் ஒரு பங்கை நுண்ணிய தராசுக்கும், மருந்து செய்த கம்பனி வெளியிட்ட அளவுநூலுக்கும் ஒதுக்காதவன் மீள்நிரப்பலைத் தொடங்காதிருப்பதே மேல்.

கல்முனைக் கரைக்கு இவ்வச்சுகள் வரவில்லை. அதற்கு முதற்காரணம் சட்டம். 1915இல் கண்டியிலும் மேற்குக் கரையிலும் முஸ்லிம்களுக்கெதிராக மூண்ட கலவரத்தின் அடுத்த ஆண்டில், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுபடைக்கலக் கட்டளைச்சட்டம் இயற்றப்பட்டது. அனுமதிப்பத்திரமின்றித் துவக்கு வைத்திருத்தலும் செய்தலும் குற்றமாயின. 1956ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க வெடிபொருட் சட்டம் மருந்தையும் கேப்பையும் மேலும் இறுகக் கட்டுப்படுத்தியது. கேப்பும் மருந்தும் தடையின்றிக் கிடைக்காத நாட்டில் அச்சு வெறும் எஃகுத்துண்டே. இரண்டாம் காரணம் துவக்கின் வகை. பயிர்க்காவலுக்கு அனுமதிக்கப்பட்டவற்றுட் பெரும்பாலானவை சொட்கன் வகையின. அதன் கோது காகிதத்தாலானது. மழைக்காலத்து ஈரத்தில் ஊதித் துவக்கினுள் புகாது போவதுண்டு. 1960இல் அமெரிக்க றெமிங்டன் கம்பனி பிளாஸ்திக் கோதை வெளியிட்டபின் அக்குறை நீங்கியது. இவ்வகைக் கோதை மீள நிரப்புவதற்கு மடிப்புக்கருவி வேண்டுமேயன்றி றைபிள் அச்சு வேண்டியதில்லை. லீயின் 1958ஆம் ஆண்டுக் கருவித்தொகுதி முதலில் சொட்கனுக்கே அமைந்தது என்பது நினைக்கத்தக்கது. அத்தகையதொன்று சம்மாந்துறை வட்டையில் இருந்திருப்பின் பலருக்குப் பயன்பட்டிருக்கும்; ஆயின் சட்டத்தின் கண்ணில் அது வெடிபொருள் ஆக்கும் கருவி.

சட்டத்தைக் குறைகூறுதல் எளிது. களவுத்துவக்கும் வனவிலங்குக் கொலையும் கட்டுப்பாடின்றிப் பெருகியிருப்பின் இக்கரை மக்களே முதலில் துன்புற்றிருப்பர். விலங்கின் வழியில் கட்டிவைத்து அது கயிற்றில் இடறும்போது வெடிக்கச்செய்யும் கட்டுத்துவக்கு, பன்றியையும் விறகுக்குச் சென்றவனையும் வேறுபடுத்தி அறியாது. எனினும் ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டும். இடியன் காலத்தில் உழவன் காட்டு விலங்குக்கும் தன் பயிருக்கும் இடையே ஏற்ற அளவைத் தானே கணித்தான். தோட்டாக் காலத்தில் அக்கணிப்பு தொழிற்சாலைக்கும், தோட்டாக்களின் தொகையை வரையறுத்த கச்சேரிக்கும் கைமாறிற்று. ஆண்டுக்கு இத்தனை தோட்டா என்று வரையறுக்கப்பட்டவன், வெறும் ஓசைக்காக அவற்றுள் ஒன்றைச் செலவிடத் தயங்குவான். இடியனில் சன்னமின்றி மருந்தை மட்டும் இட்டு வெருட்டிய வழக்கம் குன்றியதற்கு இத்தயக்கமும் ஒரு காரணமாதல் கூடும்.

தேவை குறைந்திருந்தால் இம்மாற்றம் பெரிதாகத் தோன்றியிராது. 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. இங்கினியாகலையில் அணை எழுந்து சேனாநாயக்க சமுத்திரம் உருவாயிற்று. காடு வயலாயிற்று, 1954இல் கல்லோயாத் தேசியப் பூங்கா வரையறுக்கப்பட்டது, 1961இல் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. காட்டின் எல்லை படத்தில் மாறியதே தவிர யானையின் நடைபாதை அதனோடு மாறவில்லை. 1971ஆம் ஆண்டுக் கிளர்ச்சியாளர் தென்னிலங்கையில் வீடுவீடாகச் சென்று சொட்கன் துவக்குகளைப் பறித்ததன் பின், தனியார் துவக்கு அரசின் கண்ணில் பயிர்க்காவற் கருவியாக மட்டும் நிற்கவில்லை. 1983க்குப் பின்னர் வந்த போர்க்காலத்தில் வட்டையில் இரவில் கேட்கும் வெடியோசை பன்றிக்கானதென்று எவரும் எண்ணத் துணியவில்லை. வயலுக்குச் செல்வதே உயிர்ச்சேதத்துக்கு உட்பட்ட செயலாயிருந்த ஆண்டுகளும் இருந்தன. 2009இல் போர் முடிந்தது, உழவர் மேற்கு வயல்களுக்கு மீண்டனர், யானைகளும் மீண்டன. ஒலுவிலை அடுத்த பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் யானைகள் பிளாஸ்திக்கை உண்டு இறப்பது 2022இல் உலகச் செய்தியாயிற்று. வேட்டைக்காரர் பெருங்குழல் துவக்கோடு தேடியலைந்த விலங்கு இன்று ஊர்க்கோடியில், நெற்கதிருக்கும் குப்பைக்கும் இடையே நிற்கிறது.

இப்போது அதனை வெருட்டுவதற்கு வனசீவராசிகள் திணைக்களம் யானைவெடி வழங்குகிறது. பரணிலிருப்பவன் திரியில் நெருப்பு வைத்து எறியவேண்டியது மட்டுமே. மருந்தின் அளவு வேறோரிடத்தில் முன்னரே தீர்மானிக்கப்பட்டுக் காகிதத்துள் அடைக்கப்பட்டுள்ளது. வெருண்ட யானை வரம்பு கடந்து ஓடுவதும், இரண்டாம் வெடிக்குப் பின் திரும்பி நிற்பதும் உண்டு.